இரண்டாம் பாதியில் மட்டும் ஏன்?

ரமணியின் முகத்தைத் தெரியாதவர்கள்கூட வெள்ளவத்தையில் அவள் குரலைத் தெரிந்து வைத்திருந்தார்கள். காலி வீதியோரத்தில் ஒரு தனியார் மருத்துவ நிலையம். அங்கே நோயாளர்களை இலக்கம் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதே வேலைதான். நடுவில் ஒருமுறை மைக் பழுதாகிப் போனது. ரமணி இருக்கும்போது மைக் எதற்கு என்று நிர்வாகம் அதைத் திருத்தவே இல்லை. "நாஆற்பத்தி ரெண்டு! ஹதலிஸ் தெக! ஃபோர்ட்டி டூ!" என்று மூன்று பாஷையிலும் ஒரே மூச்சில் அவள் கூப்பிட்டால், வெளியே சோடா குடித்துக்கொண்டு நிற்கிற நாற்பத்திரண்டாம் ஆள் போத்தலை வைத்துவிட்டு ஓடி வருவார். முதல் எழுத்தை இழுத்துச் சொல்வது அவள் தானாகவே கண்டுபிடித்த வித்தை. இழுக்காவிட்டால் வாசலில் நிற்கிற நூறாம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன் அதை விழுங்கிவிடும்.

டொக்டர்மாரின் கதவுகளுக்கு வெளியே அத்தனை வருடம் நின்றால் மருந்து தெரியாவிட்டாலும் கேள்விகள் தெரிந்துவிடும். எப்போது தொடங்கியது? எந்த நேரத்தில் கூடுகிறது? எங்கே இருந்தால் குறைகிறது? இந்த மூன்று கேள்வியையும் ரமணி கண்டதற்கெல்லாம் கேட்பாள். பிரிட்ஜ் உறுமினாலும் கேட்பாள், மச்சாள் திடீரென்று கதைக்காமல் விட்டாலும் கேட்பாள். காரணம் தெரியாத விஷயம் ஒன்று கையில் அகப்பட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளுக்கு வந்து வாய்த்த அணிதான் கோஸ்ட் லைனர்ஸ்.

கரையோர ரயிலை நினைத்து யாரோ வைத்த பெயர். சம்பளம் கொடுத்து வீரர்களை வைத்து நடத்துகிற கூடைப்பந்து அணி. எட்டு அணிகள் ஆடுகிற லீக்கில் இரண்டு வருடம் தொடர்ந்து கிண்ணம் எடுத்தவர்கள். அந்த நாட்களில் தெஹிவளைப் பக்கத்து உள்ளரங்கில் நிற்கவும் இடம் இருக்காது. ரமணியை முதன்முதல் அங்கே கூட்டிப் போனவள் ஷபீகா. மருத்துவ நிலையத்தில் இரத்தம் எடுக்கிறவள், தெஹிவளைக்காரி. பத்து நிமிடம் அடக்கமாக இருந்த ரமணி பதினோராவது நிமிடம் எழுந்து நின்று கத்தத் தொடங்கினாள். ஊராரின் இலக்கங்களையே கத்திக்கொண்டிருந்த தொண்டை அன்றைக்குத்தான் தன் பாட்டுக்குக் கத்தியது. அதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று ஐம்பது வயதை நெருங்குகிற வரைக்கும் அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அவளுக்கு மிகவும் பிடித்தது தடுப்பு ஆட்டம். நம் ஆள் எதிராளியை அசையவிடாமல் மறித்து நிற்கிற நேரம் பார்த்து "மரு! மரு!" என்று கத்துவாள். சிங்களப் பொடியள் 'அருமை' என்பதற்குச் சொல்கிற சொல் அது. கொழும்பில் அதை எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அவள் கணவன் விக்ரமனுக்கு மட்டும் அந்தச் சொல் தமிழிலேதான் கேட்டது. தோலில் வருகிற மரு.

"என்னப்பா, அங்க போயும் ஸ்கின் டொக்டருக்கு ஆள் பிடிக்கிறியே?" என்று கேட்பான். அவனுக்கு கிரிக்கெட்டைத் தவிர மற்ற விளையாட்டெல்லாம் வியர்ப்பதற்கான சாட்டு.

பிறகு சரிவு வந்தது. உயரமான வெளிநாட்டு ஆட்டக்காரர் வேறு நாட்டு அணிக்குப் போனார். பழைய பயிற்றுநர் போனார். வெற்றிக்கு வந்த கூட்டம் தோல்விக்கு நிற்குமா? ஒரு வருடத்தில் பாதியானது, அடுத்த வருடத்தில் அதிலும் கால்வாசியானது. இந்த வருடம் உள்ளரங்கில் நாற்பது பேர் இருந்தால் பெரிய காரியம். அதில் பத்துப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ரமணியும் ஷபீகாவும் மட்டும் அதே கோடிக் கூடைக்குப் பின்னால், அதே மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். ஷபீகா அலுத்துப்போய் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பாள். ரமணி நின்றுகொண்டு கத்துவாள்.

தோற்பதுகூட அவளுக்குப் பரவாயில்லை. ஏன் தோற்கிறார்கள் என்று தெரியாததுதான் ஆளைத் தின்றது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் அந்த எரிச்சலோடே, ஒரு மருந்து உறையின் பின்பக்கத்தில் இந்த வருடத்து ஆட்டங்களை எழுதிப் பார்த்தாள். எழுதி முடித்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெளியே போய் ஆடிய ஏழு ஆட்டங்களில் நான்கில் வெற்றி. சொந்த அரங்கில் ஆடிய ஐந்திலும் தோல்வி. உலகத்தில் எந்த அணியும் சொந்த வீட்டில்தானே நன்றாக ஆடும்?

எந்த நேரத்தில் கூடுகிறது? அதையும் பார்த்தாள். சொந்த அரங்கில் இடைவேளை வரைக்கும் பெரும்பாலும் லைனர்ஸ்தான் முன்னுக்கு. இரண்டாம் பாதியில்தான் அள்ளிக் கொடுக்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பக்கம் மாறும். முதற்பாதியில் அந்தக் கோடிக் கூடையைக் காத்தவர்கள் இரண்டாம் பாதியில் ரமணி இருக்கிற இந்தக் கோடிக் கூடையைக் காக்க வேண்டும். அப்படியானால் கோளாறு இந்தக் கோடியில்தான் என்று ரமணி முடிவு கட்டினாள். அரங்கின் காவலாளியைச் சிங்களத்தில் 'அய்யே, அய்யே' என்று அண்ணன் முறை கொண்டாடித் தாஜா பண்ணி ஏணி வைத்து வளையத்தின் உயரத்தை அளப்பித்தாள். அது சரியாக இருந்தது. தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சறுக்கிப் பார்த்தாள். வழுக்கவில்லை. விளக்கு கண்ணைக் குத்துகிறதா என்று கூடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துத் தலைசுற்றியதுதான் மிச்சம்.

விடை நோயாளியாக வந்தது. அணித்தலைவன் விஷ்வா முழங்கால் நோவென்று டொக்டரிடம் வந்து பதினேழாம் இலக்கத்தோடு காத்திருந்தான். பதினொன்று உள்ளே போயிருந்தது. ரமணிக்கு ஆறு நோயாளிக்கான நேரம் கிடைத்தது, போதாதா?

"தம்பி, செக்கண்ட் ஹாஃபில உங்களுக்கு என்னண்டு நடக்குது?" என்று நேராகவே கேட்டாள்.

விஷ்வா சுற்றுமுற்றும் பார்த்தான். "வெளியில சொல்லாதேங்கோ அன்ரி. எல்லாம் முர்ஷித்தாலதான்."

முர்ஷித் அணியின் உயரமான ஆள். தடுப்பு ஆட்டத்தில் கூடைக்கு அடியில் நிற்கிறவன். முன்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியாதது பின்னால் நிற்கிற அவனுக்குத் தெரியும். அதனால் ஆளை மாற்றிப் பிடிக்கச் சொல்லிக் குரல் கொடுப்பது அவன் பொறுப்பு. முன்பு அதற்கு "ஸ்விட்ச்" என்று கத்துவார்களாம். இரண்டு வருடத்துக்கு முன் வந்த புதிய பயிற்றுநர் அதை "மாறு" என்று ஆக்கினார். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே சொல், ஒரே அர்த்தம். யோசிக்காமலே கால் மாறும்.

"நல்ல யோசனைதானே?" என்றாள் ரமணி.

"யோசனை நல்லம் அன்ரி. உவன் தேவையில்லாத நேரத்தில கத்துறான். நான் என்ர ஆளை வடிவா மறிச்சுக்கொண்டு நிப்பன். அந்த நேரம் பாத்து 'மாறு' எண்டு கேக்கும். நாங்கள் மாறுவம். அவங்கட ஆள் தனிய ஓடிப்போய் போட்டிடுவான். கேட்டால் தான் கத்தேல்லையாம். இஞ்ச நாங்கள் எல்லாரும் செவிடரே?" விஷ்வா முழங்காலைத் தடவிக்கொண்டான். "ரெண்டு வருசமாச் சொல்லிப் பாத்தாச்சு. கடைசி மெட்சோட அவன்ர கொன்ட்ராக்ட் முடியுது. கோச் திருப்பி எடுக்கமாட்டார்."

ரமணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அப்பாடா, காரணம் அகப்பட்டுவிட்டது! வாய் காவாத ஒரு பொடியன், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் தன் எரிச்சலெல்லாவற்றையும் அவன் தலையில் கொட்டினாள். "முர்ஷித்! வாயைப் பொத்திக்கொண்டு விளையாடும்!" என்று அவள் கத்தியபோது முழு அரங்குக்கும் கேட்டது. முர்ஷித் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தான். ஷபீகா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாவம் ரமணி. அவன் எங்கட ரோட்டுப் புள்ள. அப்பிடிச் செல்லாதீங்க."

"பாவம் பாத்தால் மெட்ச் வெல்லுமோ?" என்றாள் ரமணி. அன்றும் இரண்டாம் பாதியில் தோற்றார்கள்.

மறுநாள் ஞாயிறு காலை ஷபீகா வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தாள். முர்ஷித் தவறு விடுகிற இடத்தை விஷ்வாவிடம் காட்டவேண்டுமென்று ரமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். அந்த இடம் சுலபமாகவே வந்தது. விஷ்வா தன் ஆளை மறித்து நிற்கிறான். "மாஅறு!" என்று கேட்கிறது. விஷ்வா சட்டென்று விலகுகிறான். எதிராளி உள்ளே ஓடிப் பந்தைப் போடுகிறான். விஷ்வா திரும்பி முர்ஷித்தின் மேல் பாய்கிறான்.

முர்ஷித்தின் முகம் நன்றாகத் தெரிந்தது. அவன் தன் ஜெர்சியின் கழுத்தை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு நின்றான். ரமணி பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தாள். அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். துணியைக் கடித்துக்கொண்டு ஒருவன் எப்படி அவ்வளவு தெளிவாகக் கத்தமுடியும்? அவள் ஆவலில் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இந்தச் சத்தம் ஆர்ர சத்தமெண்டு விளங்குதோ?" என்று குசினிப் பக்கம் கேட்டாள்.

விக்ரமன் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆட்டமும் தெரியாது, ஆட்டக்காரர்களையும் தெரியாது. அதனால் அவன் காதில் சத்தம் மட்டும்தான் விழுந்தது.

"எது? உன்ர சத்தம்தானே அது," என்றான்.

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. இது 'மாறு' எண்டு கத்துது. நான் 'மரு' எண்டெல்லோ கத்துறனான்."

"நீ எப்ப எதைக் குறுக்கிச் சொன்னனீ? ஒண்டு விடாமல் இழுத்து இழுத்துத்தானே கூப்பிடுறாய். திருப்பிப் போட்டுக் கேள்."

அவள் திருப்பிப் போட்டுக் கேட்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். "மாஅரு!" நாற்பத்திரண்டைக் கூப்பிடுகிற அதே இழுவை. றகரமும் ரகரமும் எழுத்தில்தான் வேறு. ஒரு பெரிய கொட்டகையின் எதிரொலியில் அவற்றைப் பிரித்துக் கேட்கிற காது எவனுக்கு இருக்கும்?

முதலில் சிரிப்பு வந்தது. உண்மையிலேயே வந்தது. காரணம் கண்டுபிடித்த சந்தோஷம் அது. இரண்டாயிரம் பேர் கத்திய காலத்தில் அவள் குரல் அதில் ஒன்றாகக் கரைந்து போயிருக்கும். கூட்டம் குறையக் குறைய அவள் குரல்தான் மிஞ்சியது. இரண்டாம் பாதியில்தான் அவர்கள் அவள் கண்ணுக்கு முன்னால் நின்று காப்பார்கள்; வெளியே போய் ஆடும்போதோ அவள் அங்கே இருப்பதில்லை. எல்லோரும் கைவிட்டுப் போன பிறகும் தான் ஒருத்தி விடாமல் போனதுதான் வினை என்று நினைத்துப் பார்த்தாள். தடுப்பு நன்றாக இருந்தபோதெல்லாம் அவளே பாராட்டி, அவளே அதைக் கலைத்திருக்கிறாள். அப்புறம் முர்ஷித் திரும்பிப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு விளையாடச் சொன்னாளே, அவன் ஏற்கெனவே பொத்திக்கொண்டல்லவா நின்றான்!

கடைசி ஆட்டம் அடுத்த ஞாயிறு. அதற்கு இடையில் ஒரு வாரம் இருந்தது. ரமணி கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வாரம் அவள் யோசித்ததெல்லாம் நல்ல யோசனையும் இல்லை. ஞாயிறு ஆட்டத்துக்குப் போகாமல் விட்டால் என்ன? காய்ச்சல் என்று சொல்லலாம். அவள் இல்லாவிட்டால் சத்தமும் இருக்காது, அவர்கள் வென்றாலும் வெல்வார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. முர்ஷித்தை எப்படியும் வேண்டாமென்று முடிவெடுத்துவிட்டார்கள் தானே? இப்படி யோசித்துக்கொண்டே செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்றைக் கூப்பிட மறந்து முப்பத்திரண்டைக் கூப்பிட்டாள். முப்பத்தொன்றாம் இலக்கத்து மனிதர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"எனக்கு முன்னால அவர் எப்பிடிப் போனவர்? நான் செய்த பிழை என்ன, சொல்லுங்கோ!" என்று அவர் நின்றார். பிழை அவருடையதில்லை என்று ரமணி சொன்னாள். அதை இரண்டு தரம் சொன்னாள். அவர் போய் உட்கார்ந்த பிறகும் அவர் கேட்ட கேள்வி அவள் காதை விட்டுப் போகவில்லை. ஒருவன் இரண்டு வருடமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். அவனுக்கு ஒருவரும் விடை சொல்லவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் லீவு போட்டுவிட்டு உள்ளரங்குக்குப் போனாள். பயிற்சி தொடங்கியிருந்தது. பயிற்றுநரைத் தனியே கூப்பிட்டுச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார், பிறகு சிரித்தார்.

"அக்கே, தொழிலாக விளையாடுகிறவர்கள் இவர்கள். பார்க்க வந்தவர்களின் சத்தத்துக்கா கால் மாறுவார்கள்?"

"நீங்கள்தானே யோசிக்காமல் மாறப் பழக்கியிருக்கிறீர்கள்," என்றாள் ரமணி. "ஒருவருக்கும் சொல்லாமல் அவர்களை இந்தப் பக்கம் விளையாட விடுங்கள். நான் என் இடத்தில் போய் இருக்கிறேன்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு விசிலை ஊதினார். ரமணி மூன்றாம் வரிசைக்கு ஏறினாள். கீழே ஐந்து பேர் காக்க, ஐந்து பேர் போட வந்தார்கள். விஷ்வா தன் ஆளை வடிவாக மறித்து நின்றான். கூடைக்கு அடியில் முர்ஷித், கழுத்துத் துணி வாயில். நல்ல தடுப்பு. எந்த நாளும் அவளுக்குப் பிடித்த தடுப்பு.

"மாஅரு!"

விஷ்வா விலகினான். மற்றவன் குறுக்கே ஓடினான். நடுவில் பாதை திறந்தது, பந்து உள்ளே போனது. விஷ்வா அப்படியே திரும்பி முர்ஷித்தின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான்.

"இப்ப ஏன்ரா கத்தினனீ? பிராக்டிஸிலயும் உன்ர வாய் சும்மா கிடக்காதே?"

முர்ஷித் துணியை வாயிலிருந்து எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

விசில் ஊதியது. பயிற்றுநர் சிரிக்கவில்லை. எல்லோரையும் மேலே பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அவனில்லை தம்பி," என்றாள் ரமணி. "நான். நான்தான் கத்தினனான். ரெண்டு வருசமா நான்தான் கத்துறன். 'மரு' எண்டு உங்களைப் புகழ்ந்துதான் கத்தினனான், உங்களுக்கு அது 'மாறு' எண்டு கேட்டிருக்குது. முர்ஷித், நான் உம்மையே ஏசினன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

விஷ்வா அவளைப் பார்த்தான், முர்ஷித்தைப் பார்த்தான், தள்ளிய தன் கையைப் பார்த்தான். முர்ஷித் மெதுவாகத் துணியை வாயிலிருந்து எடுத்தான். அது நனைந்து சுருங்கியிருந்தது.

"அன்டி," என்றான். "இன்னொருக்கா சத்தம் போடுங்க."

ரமணிக்கு விளங்கவில்லை.

"நான்தான் என்னயறியாம சத்தம் போடுறன்டு நானே நம்பிட்டேன். எனக்கு ஏதோ நோய்ன்டு உம்மாக்கிட்டயும் சென்னேன். கோபமா இல்ல அன்டி. இன்னொருக்கா போடுங்க. நான் வாயப் பொத்திக்கிறேன், எல்லாரும் பாக்கட்டும்."

இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு மைதானத்தின் நடுவில் வந்து நின்றான். ரமணி கத்தினாள். வெறும் அரங்கு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. தெரிந்தும்கூட விஷ்வாவின் கால் தானாக ஓர் அடி விலகியது. யாரோ சிரித்தார்கள். விஷ்வா சிரிக்கவில்லை. முர்ஷித் கைகளுக்கு மேலால் ஒவ்வொருவருடைய முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். எல்லோரையும் பார்த்து முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"இன்னொருக்கா," என்றான் விரல்களுக்கு இடையால்.

ரமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.